க்ஷயமும் பசியும்

அரைவயிற்றுக் கஞ்சி குடிப்பவனை க்ஷயரோகம் எளிதில் பற்றும் என்பது நம் ஜனங்கள் நெடுங்காலமாய் அறிந்த விஷயமே. அதைத் தக்க பரீட்சையால் கணக்கிட்டுக் காட்டிய பெருமை நம் தேசத்து ஆராய்ச்சியாளர்களைச் சேர்ந்தது. ஜார்க்கண்டின் நான்கு ஜில்லாக்களில் அவர்கள் நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தன.

2,800 நோயாளிகளும், அவர்களுடன் ஒரே வீட்டில் வசித்த 10,345 பேரும் இதில் சேர்க்கப்பட்டனர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவு அளிக்கப்பட்டது. ஒரு பகுதியில் மட்டும் வீட்டாருக்கும் மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அவ்வீட்டாரிடையே புதிதாக நோய் காண்பது 39 சதவீதம் குறைந்தது. காரணம் தெளிவானது. க்ஷயக் கிருமி பலர் உடலில் புகுந்தும் உறங்கிக் கிடக்கிறது. போஷணை குன்றித் தேகபலம் தளரும்போது விழித்தெழுகிறது.

1959-ல் வெளியான சென்னை ஆராய்ச்சியொன்று, ஆஸ்பத்திரி வாசமும் உயர்ந்த உணவும் இன்றியே, மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே குணமடையலாம் என்று உலகுக்கு நிரூபித்தது. ஏழைகளுக்கு அது பெரும் வரப்பிரசாதம். ஆயின், மருந்தே போதும், அன்னம் எதற்கு என்ற அலட்சியத்துக்கு அதனை ஆதாரமாகக் கொள்வது தவறு. வந்த நோயைத் தீர்ப்பது வேறு. வராமற் காப்பது வேறு.

ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க முப்பது குடும்பங்களுக்கு அன்னமிட வேண்டும் என்பது ஆராய்ச்சியாளரின் கணக்கு. இது வீண் செலவல்லவா என்று சிக்கனம் பேசுவோர் கேட்கலாம். மற்ற இருபத்தொன்பது குடும்பங்கள் உண்ட சோறு மண்ணிலா கொட்டப்பட்டது? அங்கே குழந்தைகளின் பசி தீரவில்லையா? தடுக்கப்பட்ட அந்த ஒரு நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவியிருக்கக்கூடிய நோயையும், இழந்திருக்கக்கூடிய கூலியையும் எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இந்திய சர்க்கார் 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் அளித்து வந்து, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக உயர்த்தியது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் வீட்டாரின் உணவு, 2022-ல் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' ஏற்பாட்டின்கீழ், கொடையாளிகளின் மனத்தைப் பொறுத்ததாக விடப்பட்டது. தர்மத்தை நாம் இகழவில்லை. கொடையாளி உள்ள ஊரில் பருப்பு, இல்லாத ஊரில் பட்டினி என்பது எந்த நீதி? தொற்றுநோயைத் தடுப்பது ராஜ்யத்தின் கடமை; அதைப் பிச்சைப் பாத்திரத்தில் இடலாகாது.

புதிய இலாகா எதுவும் வேண்டியதில்லை. நோயாளியின் பெயர் பதிவாகிறது. நியாயவிலைக் கடைகளும் இருக்கின்றன. பெயர் பதிவான மாதமே அக்குடும்பத்தின் ரேஷன் கார்டில் அதிகப்படி அரிசியும் பருப்பும் உரிமையாக ஏறட்டும். கஜானாவுக்கு இது பாரமென்பார் உண்டு. பசித்த வீட்டில் நோயை வளரவிடுவதே அதனினும் பெரும் பாரம் என்பதைப் பொறுப்பிலுள்ளோர் உணர வேண்டும்.