நாய்க்கடி ஊசி சலுகையல்ல, உரிமை!

டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி 2025 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 22-ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறி பிடித்தவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் மட்டும் விலக்கு. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. நாய்க்காகப் பேசினார்கள், நாயை எதிர்த்தும் பேசினார்கள். கடிபட்ட பிள்ளைக்கு அன்று மாலையே மருந்து கிடைத்ததா என்று கேட்டவர் எத்தனை பேர்?

தாராவியிலும் கோவண்டியிலும் வாழும் நமக்கு இது எங்கோ நடக்கும் வழக்கல்ல. குப்பை அள்ளாத சந்தில்தான் நாய் பெருகுகிறது. அதே சந்தில்தான் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெரியவரைக் காலில் கடிக்கும் நாய், குழந்தையை முகத்திலும் கழுத்திலும் கடிக்கிறது. மூளைக்கு அருகில் பட்ட கடியில் நோய் விரைந்து ஏறும். இந்தியாவில் இந்நோய்க்குப் பலியாவோரில் 30 முதல் 60 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வண்டி தவறினால் அடுத்த வண்டி உண்டு. இந்த நோயில் அறிகுறி தோன்றிய பின் அடுத்த வண்டி கிடையாது. ஆனால் வருமுன் தடுக்க வழி இருக்கிறது. 1885-இல் பாஸ்டர் 9 வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டார். 1907-இல் நம் குன்னூரிலேயே அவர் பெயரில் நிலையம் வந்தது. இத்தனை காலத்துக்குப் பின்னும் ஏழை வீட்டுப் பிள்ளை சாகிறதென்றால், அதை விதி என்று ஏற்க நாம் தயாரில்லை.

தாய்மார்களே! காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மந்திரிப்பவரிடம் ஓடாதீர்கள். நாய் நன்றாகத்தானே திரிகிறது என்று காத்திருக்காதீர்கள். அன்றே ஊசி போடுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் தோலில் போடும் முறையில் முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் முதல் நாளே காயத்தைச் சுற்றிச் சீரமும் போட வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் எப்போதோ ஒழிந்த பழைய கதை. பிள்ளையை மிரட்டாதீர்கள், அடிக்குப் பயந்தால் கடியை மறைத்துவிடும்.

இவ்வளவும் நாம் செய்வோம். ஆள்வோர் செய்வது என்ன? 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவு என்கிறார்கள். விடிகாலையில் மட்டும் தண்ணீர் வரும் சாலில் மாலை நேரம் எந்தக் குழாயைத் திறப்பது? குடத்து நீரைத்தான் ஊற்றிக் கழுவுகிறோம். ஊசி ஓரிடம், சீரம் வேறிடம் என்று அலைய விட்டால், இந்தியும் மராத்தியும் தெரியாத தாய் ரத்தம் கசியும் பிள்ளையோடு எந்த ஜன்னலில் நிற்பாள்? நான்கு ஊசிக்கு நான்கு நாள் கூலி போகும். ஊசி இலவசம், கூலி இலவசமா? மூன்றாவது ஊசியோடு பலர் நின்றுவிடுவதற்குச் சோம்பல் காரணமல்ல, பசியே காரணம்.

ஆகவே கோருகிறோம்: நம் பகுதி மாநகராட்சி மருந்தகங்களில் ஊசியும் சீரமும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். வேலை முடிந்து வருவோருக்காக மாலையிலும் ஊசி போட வேண்டும். தவணைத் தேதிகளைத் தமிழிலும் எழுதித் தர வேண்டும். குப்பையை நாள்தோறும் அள்ள வேண்டும். நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் தவறாமல் நடக்க வேண்டும்.

சங்கக் கிளைகளுக்கும் வேலை உண்டு. கடிபட்ட பிள்ளையோடு மொழி தெரிந்த ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுவில் ஊருக்கு வண்டி ஏறும் குடும்பத்தின் கையில் ஊசிச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீதி ஊசியைத் திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரியிலும் போட்டுக்கொள்ளலாம்.

2030-க்குள் நாய்வழி வெறிநோய்ச் சாவை ஒழிப்போம் என்று 2021-இல் மத்திய அரசு தேசியத் திட்டம் அறிவித்தது. நல்லது. இன்று மாலை கடிபடும் பிள்ளைக்கு 2030 வரை அவகாசமில்லை. இன்றே மருந்து வேண்டும், கேட்டுப் பெறுவோம்!