இரு முயலும் ஒரு மனையும்

உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், அன்பு என்ற பெயரால் மாந்தர் செய்வன எல்லாம் அன்பாகிவிடா. தமக்கு இன்பம் தருவதைச் செய்துவிட்டு, அதுவே பிற உயிருக்கும் இன்பம் தரும் என்று எண்ணுவோர் பலர். அன்பு செய்யப்படும் உயிரின் இயல்பை அறிந்து, அதற்கு ஏற்ப ஒழுகுவதே உண்மையான அன்பு. இதனை விளக்க, வீட்டில் வளரும் சிறு முயலே போதிய சான்றாகும்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில், நெல்வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இடையே சிறு வீடுகள் பல உள்ளன. ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்னே திண்ணை, பின்னே சிறிது புழைக்கடை. இவ்வளவே அவ்வீடுகளின் பரப்பு. அத்தகைய வீடொன்றில் வெள்ளை முயல் ஒன்று வளர்வதாகக் கொள்வோம். சில திங்கள் சென்றபின், 'இது தனியாக இருக்கிறதே' என்று வீட்டார் இரங்குகின்றனர். மற்றொரு முயலை வாங்கி வந்து, அதே கூண்டில் விட்டுவிட்டு, மனநிறைவோடு உறங்கச் செல்கின்றனர். மறுநாட் காலையில் கூண்டெங்கும் மயிர் சிதறிக் கிடக்கிறது. ஒன்றன் காது கிழிந்திருக்கிறது. மற்றொன்று மூலையில் நடுங்குகிறது. 'இவை பொல்லாத முயல்கள்' என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். பிழை முயல்களுடையதா? அன்று, அவற்றின் இயல்பை அறியாதாருடையதே.

தமிழர்க்கு முயல் புதிய விலங்கன்று. நிலவின் மறுவில் முயலைக் கண்டது நம் மரபு. திருவள்ளுவரும் கானில் வாழும் முயலைப் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் எடுத்துக்காட்டுகிறார். ஆனால், அக்காட்டு முயல் வேறு. இவ்வீட்டு முயல் வேறு. நம் புதர்க்காடுகளில் வாழும் முயல் வளை தோண்டுவதில்லை; பெரும்பாலும் தனித்தே திரியும். அதனைப் பிடித்து வந்து அடைத்து வைத்தல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வீட்டில் வளரும் முயலோ, ஐரோப்பாவின் தென்மேற்கே உள்ள ஐபீரியத் தீபகற்பத்துக் குழிமுயலின் வழிவந்தது. கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படுவதும் இவ்வினமே. இது நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இயல்புடையது.

கூட்டமாக வாழும் விலங்கு தன் இனத்தோடு போரிடுவது ஏன் என்ற வினா எழலாம். கூட்டமாக வாழ்வது வேறு. எவரோடும் உடனே கூடிவிடுவது வேறு. முயலின் மோவாயின் கீழ் மணம் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. அது தன் மோவாயைக் கூண்டிலும் கலத்திலும் தேய்த்து, 'இஃது என் இடம்' என்று மணத்தால் எழுதி வைக்கிறது. அவ்விடத்தில் திடீரெனத் தோன்றும் புதிய முயல் அதற்கு விருந்தினன் அன்று. எல்லை கடந்து வந்த பகைவனே. காட்டில் இத்தகைய பூசல் நேர்ந்தால், தோற்ற முயல் ஓடித் தப்பிவிடும். அத்துடன் பூசலும் ஓயும். மூன்று அடிக் கூண்டில் ஓடுவதற்கு இடம் ஏது? தோற்றது ஓட முடியாமையால் வென்றது அடங்குவதில்லை. இயற்கையில் நொடிப்பொழுதில் முடிய வேண்டிய பூசல், கூண்டில் உயிர்க்கேடாக வளர்கிறது.

ஆதலின், இரு முயல்களை ஒருங்கே வளர்க்க விரும்புவோர் முதலில் அவற்றின் பாலை அறிதல் வேண்டும். பருவம் எய்திய ஆண்முயல் இரண்டு ஒன்றையொன்று கடுமையாகக் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணுமாயின் சண்டை குறையலாம். வேறொரு துன்பம் விளையும். முயலின் கருக்காலம் ஏறத்தாழ 31 நாள்களே. குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருவுற வல்லது. ஆசுத்திரேலியாவில் 1859-இல் தாமசு ஆசுடின் என்பவர் வேட்டை விளையாட்டுக்காக இரண்டு டசன் அளவிலான முயல்களை வருவித்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் அப்பெருங்கண்டத்தின் பெரும்பகுதியிலும் பரவிப் பயிரையும் புல்லையும் அழித்த வரலாற்றை உலகம் அறியும். ஒரு கண்டமே தாங்காத பெருக்கத்தை ஒரு திண்ணை வீடு தாங்குமோ? கருத்தடை அறுவை செய்யப்பெற்ற ஆணும் பெண்ணும் சேர்ந்த இணையே எளிதில் பழகும் என்பது பட்டறிவுடையோர் கருத்து. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்தல் நுட்பமான பணி. அதில் தேர்ந்த மருத்துவரையே நாடுதல் வேண்டும். அறுவை முடிந்த ஆண்முயலும் சில வாரங்கள் கருவுறுத்தும் ஆற்றலோடு இருக்குமாதலால், அதுவரை அதனைப் பெண்முயலிடமிருந்து பிரித்து வைத்தல் இன்றியமையாதது.

இனி, பழக்கும் முறையைக் காண்போம். முதலில் இரண்டையும் தனித்தனிக் கூண்டுகளில், கடிக்க இயலாத சிறு இடைவெளி விட்டு, அருகருகே வைத்தல் வேண்டும். ஒன்றன் படுக்கைப் புல்லை மற்றொன்றன் கூண்டில் நாள்தோறும் மாற்றி இடுதல் நன்று. கண்ணால் பழகுமுன் மூக்கால் பழகுவது முயலின் வழக்கம். ஓரிரு வாரங்கள் சென்று, இரண்டும் கம்பியருகே அமைதியாகப் படுக்கத் தொடங்கிய பின்னரே அவற்றை நேரில் சந்திக்கவிடலாம். அச்சந்திப்பு இரண்டுக்கும் உரிமையில்லாத பொது இடத்தில் நிகழ்தல் வேண்டும். இதற்கு மாளிகை வேண்டுவதில்லை. இதுவரை எந்த முயலும் மிதியாத திண்ணை மூலை ஒன்றைப் பலகையால் அடைத்துக்கொண்டால் போதும். அங்கே உணவும் நீரும் இரண்டிரண்டு கலங்களில் இருத்தல் வேண்டும். ஒளிந்துகொள்ளும் பெட்டிக்கும் இரண்டு வாயில்கள் வேண்டும். ஒரே வாயிலாயின் புகலிடமே பொறியாகிவிடும்.

முதல் நாள் பத்து நிமிடம் போதுமானது. பின்னர் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம். ஒன்றையொன்று சற்றுத் துரத்துவது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அது வரிசை வகுக்கும் முயற்சி. காதுகளைப் பின்னே மடித்து, வாலை உயர்த்தி, ஒன்றையொன்று வட்டமிட்டுச் சுழலுமாயின் அது போரின் அறிகுறி. அப்போது வெறுங்கையை நீட்டாமல், தடித்த துணியையோ அட்டையையோ இடையே செலுத்திப் பிரித்தல் வேண்டும். ஒன்று தலை தாழ்த்த மற்றொன்று அதன் நெற்றியை நக்குமாயின், நட்பு அரும்பிவிட்டது என்று கொள்ளலாம். இரண்டும் ஒட்டிப் படுத்து உறங்கும் நாளில் அது கனிந்தது எனலாம். சில இணைகளுக்குச் சில நாள்களும், சிலவற்றிற்குச் சில திங்களும் இதற்கு ஆகும். சித்திரை, வைகாசித் திங்களின் வெப்பத்தில் இம்முயற்சி விடியற்காலையிலேயே நடைபெறுதல் நன்று. முயல் வியர்வையால் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள இயலாத உயிர். அதன் நீண்ட காதுகளே ஓரளவு உடலின் வெப்பத்தை வெளியேற்றுகின்றன.

'இவ்வளவு பாடு எதற்கு? சண்டையிட்டால் தாமே அடங்கிவிடும்' என்பார் உளர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வாதிடுவார் கூற்று அது. அடங்குவது நட்பினாலா, அச்சத்தாலா என்று அவர் நோக்குவதில்லை. அஞ்சிய முயல் உண்ண மறுக்கும். ஒரு நாள் உண்ணாதிருப்பினும் அதன் குடல் இயக்கம் குன்றி உயிருக்கே இடர் நேரும். இனி, 'ஒரு முயலே போதும். நாமே அதற்குத் துணை' என்பார் வேறு சிலர். அவர் கூற்றில் அன்பு உண்டு. ஆனால், வீட்டார் வயலுக்கும் பள்ளிக்கும் சென்ற பின்னர் அம்முயலின் நெற்றியை நக்குவார் யார்? கூடி வாழப் பிறந்த உயிருக்குத் தன் இனத்தின் துணையே துணை. எனினும், எவ்வளவு முயன்றும் இணங்காத முயல்களும் உண்டு. அவற்றை வற்புறுத்துதல் தகாது. ஒன்றையொன்று காணவும் முகரவும் கூடிய அளவில் தனித்தனிக் கூண்டில் வைத்துக் காப்பதே அறம். அதற்கு இடமும் பொழுதும் இல்லாதார் இரண்டாவது முயலை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் அருள்.

உத்திரமேரூர் என்றவுடன் நினைவுக்கு வருவது வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டுகளே. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, அச்சதுர்வேதி மங்கலத்துச் சபையின் நடைமுறையை உரைக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்தனர். குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பணிகளை வகுத்தனர். கணக்குக் காட்டாதாரை விலக்கினர். நல்லெண்ணம் மட்டும் இருந்தால் ஊரார் இணங்கி வாழ்ந்துவிடுவர் என்று அச்சபையோர் வாளா இருந்துவிடவில்லை. எல்லையும் முறையும் வகுத்த பின்னரே கூடி வாழ்ந்தனர். அறிவுடைய மக்களுக்கே முறை வேண்டுமாயின், வாய் பேசா விலங்குகளை ஒரு கூண்டில் அடைத்துவிட்டு, 'ஒற்றுமையாய் இருங்கள்' என எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஒரே கூரையின்கீழ் இருத்தல் ஒற்றுமையாகிவிடாது. ஒன்றன் எல்லையை மற்றொன்று மதித்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நெருங்கி வருவதே ஒற்றுமை. அதற்கு வேண்டுவது பெரிய வீடு அன்று; பொறுமையுள்ள நெஞ்சம். திண்ணை மூலையில் நாளும் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து இரு முயல்களைக் காத்து நிற்கும் சிறுவன், முயலை மட்டும் பழக்கவில்லை. பிற உயிரின் விருப்பத்துக்குக் காத்திருக்கும் பண்பைத் தன் உள்ளத்துக்கும் பழக்குகிறான்.