புள்ள கட்டிலால விழுந்தா உம்மாவ ஏசாதீங்க



எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்து, வெட்கத்தால் தள்ளிப்போட்ட விடயம் இது. குற்றம் என் பக்கம் என்பதால் வந்த வெட்கம்.

போன வருட நோன்பு. சஹர் நேரம். என் மனைவி மூன்றரைக்கே எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். ஒன்பது மாத மகள் கட்டிலில், என் பக்கத்தில். நான் நல்ல நித்திரை. 'தொம்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. அந்த ஒரு கணத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பிறகுதான் புள்ள வீரிட்டு அழுதாள்.

கையில் கரண்டியோடு ஓடி வந்த மனைவியைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை: "புள்ளைய விட்டுட்டு எங்க போன நீ?"

அவர் ஒன்றும் பேசவில்லை. புள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அழுதார். அடுப்பில் கறி அடிப்பிடித்து மணக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் போனது எனக்குச் சாப்பாடு சூடாக்க. புள்ளைக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தவன் நான்.

அல்ஹம்துலில்லாஹ், நெற்றியில் ஒரு வீக்கத்தோடு போனது. ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ஆனால் அடுத்த இரண்டு நாளும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "உம்மாக்காரி என்ன செஞ்சிட்டு இருந்தா?" வாப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஏச்சு வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை. அது புள்ளைக்கே ஆபத்தாக முடியலாம். மாமிக்கும் புருசனுக்கும் பயந்து, புள்ள விழுந்ததை யாருக்கும் சொல்லாமல் மறைக்கும் இளம் உம்மாமார் நம் ஊரில் இல்லையா? வீக்கத்தில் தைலத்தைத் தடவி, தொப்பியைப் போட்டு மறைத்துவிடுவார்கள். மிட்வைப் மிஸ் கேட்டாலும் "ஒண்டும் இல்ல மிஸ்" என்பார்கள். தலையில் அடிபட்ட புள்ளையை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவிடாமல் தடுப்பது அந்த உம்மாவின் கவலையீனம் இல்லை, நம்முடைய வாய்தான்.

நான் முதலாம் தரத்துக்குப் படிப்பிக்கிறேன். காலையில் புள்ளைகள் சொல்லும் கதைகளில் இது அடிக்கடி வரும்: "சேர், ராவு நான் கட்டிலால உழுந்திட்டன்." ஐந்து, ஆறு வயதுப் புள்ளைகளே விழுகிறார்கள் என்றால் கைக்குழந்தையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நான்கு மாதம் தொடக்கம் ஆறு மாதத்துக்குள் புள்ள புரளத் தொடங்கும். புரளாத புள்ளகூடக் காலை உதைத்து உதைத்து ஓரத்துக்கு வந்துவிடும். கைக்குழந்தையின் தலை அதன் உடம்பு நீளத்தில் காற்பங்கு. பாரம் தலைப்பக்கம் இருப்பதால் விழும்போது தலைதான் முதலில் தரையில் படும். இதையெல்லாம் கல்வியியற் கல்லூரியில் பிள்ளை வளர்ச்சிப் பாடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவன்தான் நான். வீட்டில் கிடக்கும் கட்டிலின் உயரத்தை ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நம் உம்மம்மாமார் பன்பாயில் புள்ள வளர்த்தார்கள். பாயிலிருந்து புரண்டால் தரை ஒரு விரல்கூட இல்லை. இன்று பொம்புள்ளப் புள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும்போதே தேக்கங் கட்டிலும் செய்து போடுகிறோம். உயரமான கட்டில், அதற்கு மேல் தடித்த மெத்தை, கீழே வழுவழுப்பான டைல்ஸ். சீதனக் கட்டில் என்பது மானப் பிரச்சினை. அதில் கைவைக்க யாருக்கும் துணிவு வராது.

புள்ள விழுந்த அன்றைக்கே நான் மெத்தையைத் தரையில் இறக்கினேன். மாமியின் முகம் மாறிவிட்டது. "மாமா கடன்பட்டுச் செஞ்ச கட்டில், மருமகனுக்குப் புடிக்கல்ல போல" என்றார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். "மாமி, உங்கட மகள் குசினியில. புள்ளைக்குப் பக்கத்தில கிடந்த நான்தான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே சொன்னார்: "எங்கட ஏழு புள்ளையும் பாயிலதான் கிடந்த. ஒண்டும் விழல்ல." கட்டில் இப்போது சுவரோடு சாத்தி நிற்கிறது. இன்ஷா அல்லாஹ், மகள் வளர்ந்ததும் திரும்பப் போடுவோம்.

தரை எல்லா வீட்டுக்கும் சரிவராது என்பதும் தெரியும். வயலோரத்திலும் காட்டோரத்திலும் இரவில் பாம்பு உள்ளே வரும். மாரியில் தரை குளிரும், எறும்பும் வரும். அங்கே கட்டாயம் நுளம்பு வலை போட்டு, ஓரங்களை மெத்தைக்குக் கீழே நன்றாகச் செருக வேண்டும். இல்லாவிட்டால் ஓடாவியைக் கூப்பிட்டு, சீதனக் கட்டிலை விட்டுவிட்டு, பழைய கட்டில் ஒன்றின் காலை வெட்டிப் பதிவாக்கலாம். ஒரு சாண் உயரத்தில் இருந்து விழுவதும் இரண்டு முழத்தில் இருந்து விழுவதும் ஒன்றில்லை.

நாம் நல்லது என்று நினைத்துச் செய்யும் சில வேலைகள் விழுவதைவிட ஆபத்தானவை.

தலகாணி அடுக்குவது. ஒரு வயதுக்குக் குறைந்த புள்ளையைச் சுற்றித் தலகாணி அடுக்கினால் மூக்கும் வாயும் அதில் புதைந்து மூச்சு முட்டலாம். புரளும் புள்ளையை அது தடுப்பதும் இல்லை. புள்ளைக்குத் தனியான, உறுதியான மெத்தை, அதில் மல்லாக்கக் கிடத்துவது, சுற்றிவர ஒன்றும் இல்லாமல் இருப்பது. இதுதான் பாதுகாப்பு.

கட்டிலைச் சுவரோடு தள்ளுவது. சுவருக்கும் மெத்தைக்கும் இடையில் சின்ன இடைவெளி இருந்தாலும் புள்ள அதற்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். விழுந்தால் சத்தம் கேட்கும். சிக்கினால் சத்தமே வராது.

நுளம்பு வலையை நம்புவது. வலை நுளம்புக்குத்தான். புள்ளையின் பாரத்துக்கு அது இழுபட்டுக் கொடுக்கும்.

கட்டில் தடுப்பு. கடையில் விற்கும் தடுப்பு இரண்டு வயதுக்கு மேற்பட்ட புள்ளைக்கு. அதற்குக் குறைந்த புள்ள தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கக்கூடும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களைப் படுக்கவிட வேண்டாம்.

சாரி ஏணை. புள்ள எழும்பி இருக்கத் தொடங்கினால் ஏணையை அவிழ்த்துவிடுங்கள். அதுவரை தரைக்குக் கிட்டவாகவே கட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் புள்ள விழலாம். விழுந்தால் என்ன பார்ப்பது? நினைவு தப்பினால், வலிப்பு வந்தால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், காதாலோ மூக்காலோ இரத்தமோ தண்ணீர் போன்றதோ வந்தால், கை காலை அசைக்காவிட்டால், தேற்றவே முடியாமல் அழுதால், தலையில் மெதுமெதுவென்று வீக்கம் வந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். விழுந்த புள்ளைக்கு நித்திரை வருவதால் மட்டும் பயப்படத் தேவையில்லை. எழுப்பியும் எழும்பாத நித்திரைதான் ஆபத்து. ஒரு வயதுக்குக் குறைந்த புள்ள என்றால் ஒன்றும் இல்லாதது போலத் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். கண்ணூறு என்று தண்ணி ஓதிப் பருக்குவதை நான் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஓதுங்கள். ஓதிவிட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

"எல்லாம் கத்ர்" என்று என்னிடமும் சிலர் சொன்னார்கள். ராவைக்குக் கதவைப் பூட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்கிறோம்? புள்ள கிடக்கும் இடத்துக்கும் அப்படித்தான்.

கடைசியாக, ஆண்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. சஹருக்கோ சுபஹுக்கோ முதலில் எழும்புகிறவர் மற்றவரைத் தட்டி எழுப்பி, "புள்ள உங்களுக்கிட்ட" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர் "ஓம்" என்று சொல்ல வேண்டும். அந்த "ஓம்" வந்த பிறகு புள்ளைக்குப் பொறுப்பு அவர்தான். இந்த நோன்பில் அந்த "ஓம்" பெரும்பாலும் நான் சொன்னதுதான். நித்திரை கொஞ்சம் குறைந்தது உண்மை. புள்ள விழவில்லை.

அடுத்த முறை ஒரு வீட்டில் புள்ள விழுந்தது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனால், உம்மாவிடம் ஒன்றும் கேட்காதீர்கள். கட்டில் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். முடிந்தால் மெத்தையை இறக்க ஒரு கை கொடுத்துவிட்டு வாருங்கள்.