கடிகாரம் சொன்னால் இதயம் கேட்குமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும், "கவிதை எழுதுடா, இதயம் கிதயம்னு ஏதாவது எழுது" என்றார்கள் விடுதி நண்பர்கள். சரி, இதயத்தைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் இது கவிதையில் உருகும் இதயமல்ல. நெஞ்சுக்கூட்டுக்குள் நிமிடத்துக்கு எழுபது தடவை துடிக்கும் நிஜ இதயம்!

காலை ஐந்தரை மணிக்கு நம் மைதானத்துக்கு வந்து பாருங்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டுமே! அதற்காக எத்தனை பேர் ஓடுகிறோம்! பாதிப்பேர் கையில் இதயத்துடிப்பு காட்டும் வாட்ச். என் கையிலும் ஒன்று இருந்தது. அம்மாவின் சீட்டுப் பணத்தில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கியது.

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "இன்னைக்கு ஓட வேணாம்ப்பா" என்று அப்பத்தா போனில் சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் மூச்சு முட்டியது. வாட்சைப் பார்த்தேன். 108 என்றது. 'அட, இவ்வளவுதானா! இன்னும் அடிக்கலாம்' என்று வேகத்தைக் கூட்டினேன். அவ்வளவுதான்... கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உடற்கல்வி ஆசிரியர் ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். தன் பழைய முள் கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடி எண்ணினார். 46. அதை நாலால் பெருக்கி, "நூத்தி எண்பத்து நாலுடா தம்பி! காய்ச்சல் உடம்போட இப்படியா ஓடுவ?" என்று திட்டினார். வாட்ச் அப்போதும் 112 என்றே காட்டிக்கொண்டிருந்தது!

அன்று மாலை விடுதியில் ஒரு சோதனை செய்தோம். அந்த வாட்சை ஒரு செவ்வாழைப் பழத்தில் கட்டினோம். சற்று நேரத்தில் 74 என்று காட்டியது. நல்ல ஆரோக்கியமான பழம்தான்! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் இதை நம்பித்தானே வேகத்தைக் கூட்டினேன்?

ஏன் இப்படி? மின்னணுவியல் படிக்கிற நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? வாட்சின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சக்கூடியது. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தை ஒரு போட்டோ டையோடு பிடித்துக் கொடுக்க, உள்ளே இருக்கும் சில்லு துடிப்பாக எண்ணுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் சரியாகவே எண்ணும். ஓடும்போது கை வீசுகிறோம், பட்டை ஆடுகிறது, இடுக்கு வழியே வெளிச்சம் புகுகிறது. சில சமயம் நம் காலடித் தாளத்தையே இதயத்துடிப்பு என்று எண்ணிவிடும். தோலின் கருமையும் அந்த ஒளியைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கட்டிய இடத்தில் பச்சை குத்தியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மார்பில் கட்டும் பட்டையின் வழி வேறு. இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் எழும் சிறு மின் அலையை இரண்டு எலெக்ட்ரோடு மூலம் நேராகவே பிடிக்கிறது. ஆஸ்பத்திரியில் எடுக்கும் இ.சி.ஜி.யின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.சி.ஜி. ஆய்வுக்காக வில்லெம் எய்ந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தத் தத்துவத்தையே கம்பியில்லாமல் ஓட்டக்காரர் மார்பில் கட்டி, 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது பின்லாந்தின் போலார் நிறுவனம். எலெக்ட்ரோடு என்ற சொல் காரைக்குடிக்குப் புதுசா என்ன? மின்வேதியியலுக்கென்றே 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி நம் ஊரில்தானே இருக்கிறது!

சரி, எதை வாங்குவது? நடைப்பயிற்சிக்கும் அன்றாடக் கணக்குக்கும் கைவாட்ச் போதும். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, ஆடாமல் கட்ட வேண்டும். வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடுகிற பயிற்சிக்கு மார்புப் பட்டைதான் சரி. எலெக்ட்ரோடு படும் இடத்தைத் தண்ணீரால் நனைத்துக் கட்டி, ஓடி முடித்ததும் அலசிக் காயப்போட வேண்டும். மார்பில் கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு முழங்கைக்கு அருகே கட்டும் பட்டையும் உண்டு. அதுவும் ஒளியில் வேலை செய்வதுதான். ஆனால் சதைப்பற்றுள்ள இடம் என்பதால் மணிக்கட்டைவிட ஆட்டம் குறைவு. 2021-இல் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த விரல் ஆக்ஸிமீட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது அசையாமல் இருந்து பார்ப்பதற்கு மட்டுமே.

அடுத்து, '220-இல் வயதைக் கழி' என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். 19 வயதுக்கு 201 வரும். 2001-இல் வந்த இன்னொரு சூத்திரப்படி, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இல் கழித்தால் 195 வரும். இரண்டும் சராசரிக் கணக்குதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடும், குறையும். வீட்டில் பெரியவர்கள் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டால் அவர்களுக்கு இந்தக் கணக்கே செல்லாது. டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

கருவியே இல்லாமலும் வழி உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் நகரத்தாரைப் பார்த்திருக்கிறீர்களே! பாடிக்கொண்டே நடப்பார்கள். பாட முடிகிறதென்றால் இதயத்துக்கு அது லேசான வேலை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தரம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லையா? கடும் பயிற்சி. இதற்கு பாட்டரியும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்!

ஆய்வகத்தில் ஒரு வோல்ட்மீட்டரைக்கூட காலிபரேஷன் செய்யாமல் நம்பக் கூடாது என்று படிக்கிறோம். உயிரோடு சம்பந்தப்பட்ட மீட்டரை மட்டும் விளம்பரத்தைப் பார்த்து நம்பலாமா? அதற்கான அளவுகோல் நம் விரல் நுனியிலேயே இருக்கிறது. ஓடி நின்ற உடனே (தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும்) கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களை மணிக்கட்டில் வைத்து 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்குங்கள். வாட்ச் காட்டுவதோடு ஒத்துப்போனால் நம்புங்கள். ஒத்துப்போகாவிட்டால் அது வெறும் கடிகாரம். மணி மட்டும் பாருங்கள். இரண்டும் எது சொன்னாலும், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். டாக்டரைப் பாருங்கள்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவில் வருகிறவர்களுக்கெல்லாம் பொன்னாடையும் நினைவுக் கேடயமும் கொடுக்கிறோமே, அந்தச் செலவில் கொஞ்சம் குறைத்து விளையாட்டு அறைக்கு இரண்டு மார்புப் பட்டை வாங்கி வைக்கலாம். முறை வைத்து எல்லோரும் கட்டிக்கொள்ளலாம். தன் வாட்ச் சரியா தவறா என்று ஒவ்வொருவனும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு அம்மாவின் சீட்டுப் பணமும் தப்பிக்கும்!

காக்கிச் சட்டை போட வேண்டும் என்று ஓடுகிறோம். அதைப் போட்டுக்கொள்ள உடம்பு வேண்டும் நண்பர்களே! நாளைக் காலை மைதானத்தில் சந்திப்போம். முதலில் நாடியைப் பிடிப்போம். பிறகு ஓட்டத்தைப் பிடிப்போம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை