சாவு வீட்டில் 'எல்லாம் கடவுள் சித்தம்' என்று சொல்லலாமா? யோபு கதை சொல்வது வேற!

போன வருஷம் கல்லூரித் தோழி ஒருத்தியின் அப்பா மாரடைப்பில் திடீரென இறந்துபோனார். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியது ஒரே வரி: "கடவுள் தனக்குப் பிடிச்சவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்." ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்லை. ஆறு மாசம் கழித்துச் சொன்னாள்: "அன்னைக்கு வந்த மெசேஜ்லயே ரொம்ப எரிச்சலானது உன்னோடதுதான். அப்போ உங்க அப்பாவைக் கடவுளுக்குப் பிடிக்கலையா?"

அவள் கிறிஸ்தவக் குடும்பம். வந்த உறவினர்களும் 'தேவ சித்தம்மா, அழக் கூடாது' என்றே சொல்லியிருக்கிறார்கள். இப்படி விளக்கம் கொடுப்பவர்களைக் கடவுளே கண்டிக்கும் கதை ஒன்று அவர்கள் கையில் இருக்கும் பைபிளிலேயே இருக்கிறது. யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவான யோபு புத்தகம்.

யோபு நீதிமான், பெரும் பணக்காரர். ஒரே நாளில் சொத்து போகிறது, பத்துப் பிள்ளைகளும் சாகிறார்கள். பிறகு உடம்பெல்லாம் கொப்புளம். பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு பகல், ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரைக்கும் சரிதான். வாயைத் திறந்ததும்தான் வம்பு: நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் கடவுள் ஏன் தண்டிக்கப்போகிறார்? அத்தியாயம் அத்தியாயமாக இதே வாதம். யோபு ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளையே வழக்காட அழைக்கிறார்.

கடைசியில் சூறாவளியிலிருந்து கடவுள் பேசுகிறார். ஆனால் காரணம் சொல்வதில்லை! சாத்தானோடு நடந்த பேச்சுவார்த்தை வாசிக்கிற நமக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. அதன்பிறகு கடவுள் கோபப்படுவது தனக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மீது. தன்னிடம் சண்டை போட்ட யோபு பேசியதுதான் சரி என்கிறார். (யோபுவுக்கு மறுபடி பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்று கதை முடிகிறது. செத்துப்போன பத்துப் பேரின் கணக்கு அதில் எப்படி நேராகும் என்பது எனக்கு இன்னமும் புரியவில்லை.)

யூத மரபு அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டது. துக்க வீட்டுக்குப் போகிறவர், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை பேசக் கூடாது என்று தால்முத் சொல்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டுவது யோபுவைத்தான். அடக்கத்துக்குப் பிறகு ஏழு நாள் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து துக்கம் காக்கும் வழக்கத்துக்கு 'ஷிவா' என்று பெயர். எபிரேயத்தில் ஏழு என்று அர்த்தம், நம்ம ஊர் சிவாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. இறந்தவருக்காகச் சொல்லும் 'கத்திஷ்' ஜெபத்தில் மரணம் என்ற சொல்லே கிடையாது. முழுக்கக் கடவுளின் புகழ்ச்சிதான்.

கிறிஸ்தவம் பதிலை வேறு இடத்தில் தேடுகிறது. சிலுவையில் கடவுளே வலியை ஏற்றார், உயிர்த்தெழுதலில் மரணம் தோற்றது என்பது அதன் மையம். பெரிய நம்பிக்கைதான். ஆனால் துக்க வீட்டில் பலரும் பெரிய வெள்ளியை ஸ்கிப் பண்ணிவிட்டு நேராக ஈஸ்டர் ஞாயிறுக்குப் போய்விடுகிறார்கள். சுவிசேஷம் அப்படிப் போவதில்லை. லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே முதலில் கல்லறைக்குப் போகிற வழியில் அழுகிறார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்கிறார். சிலுவையில் அவர் எழுப்பிய கைவிடப்பட்ட கூக்குரல்கூட 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கம். அதாவது, ஒரு யூத ஜெபம்.

சி.எஸ். லூயிஸ் 1940-இல் வலியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வலி வழியாகக் கடவுள் மனிதனைத் தட்டியெழுப்புகிறார் என்பது அதில் முக்கிய வாதம். 1960-இல் மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். அடுத்த வருஷம் வந்த துக்கக் குறிப்புகளைப் புனைபெயரில் வெளியிட்டார். கடவுள் இல்லாமல் போய்விடுவாரோ என்பதைவிட, இருப்பவர் கொடியவராக இருந்துவிடுவாரோ என்பதே அதில் அவர் பயம். நம்பிக்கை பிறகு மெல்லத் திரும்புகிறது. பழைய தெளிவு மட்டும் இல்லை. எனக்கு இந்த இரண்டாவது லூயிஸைத்தான் பிடிக்கும்.

அமெரிக்க ராபை ஹெரால்ட் குஷ்னர் இன்னும் தூரம் போனார். அவர் மகன் ஆரன், சீக்கிரமே முதுமை வந்துவிடும் புரோஜீரியா நோயால் 14 வயதில் இறந்தான். 1981-இல் வெளியான புத்தகத்தில் குஷ்னர் எடுத்த முடிவு: கடவுள் நல்லவர், ஆனால் எல்லாம் வல்லவர் அல்ல. நோயை அவர் அனுப்புவதும் இல்லை, நிறுத்தவும் முடியாது. தாங்கும் பலத்தைத் தருவார். லட்சக்கணக்கானவர்கள் இதில் ஆறுதல் கண்டார்கள். கடவுளைச் சிறியவராக்கிவிட்டார் என்று பழமைவாத ராபைகள் எதிர்த்தார்கள்.

எனக்கும் ஒரு தயக்கம் உண்டு, காரணம்தான் வேற. யோபு சண்டை போட முடிந்ததே, எதிரே இருப்பவரால் தடுத்திருக்க முடியும் என்று நம்பியதால்தான். முடியாத கடவுளிடம் என்ன வழக்கு நடத்துவது?

தோழியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்கு முடிஞ்ச கடவுளே இருக்கட்டும். நான் இன்னும் திட்டி முடிக்கல" என்றாள்.