நார்த்தங்காய் சொல்லித்தரும் வட்டிக் கணக்கு

கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் மிரள்வது கூட்டலைப் பார்த்தோ பெருக்கலைப் பார்த்தோ அல்ல. நாலு வரிக் கதையாக வரும் கணக்கைப் பார்த்துத்தான். 'மூன்று பேனாவும் இரண்டு நோட்டும் சேர்ந்து...' என்று ஆரம்பித்தாலே பலருக்கும் கை நின்றுவிடும்.

இந்த வகைக் கணக்குக்கு வயது ஆயிரத்துக்கும் மேல். 9-ம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர் (தீர்த்தங்கரர் மகாவீரர் வேறு) 'கணித சார சங்கிரகம்' என்ற நூலை சமஸ்கிருதத்தில் எழுதினார். பேராசிரியர் எம்.ரங்காச்சார்யாவின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-ல் அது சென்னையில் அச்சானது. அதில் வரும் ஒரு சந்தைக் கணக்கு இது:

9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. அதே கடையில் 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

முதலில் இரண்டையும் கூட்டுங்கள். 16 நார்த்தங்காய், 16 விளாம்பழம், மொத்தம் 208. அப்படியானால் ஒரு ஜோடி 13. அடுத்து, முதல் கணக்கிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 2 நார்த்தங்காயின் விலை, 2 விளாம்பழத்தின் விலையைவிட 6 அதிகம். ஒன்றுக்கு 3 அதிகம். ஜோடி 13, வித்தியாசம் 3 என்றால் நார்த்தங்காய் 8, விளாம்பழம் 5. சரிபார்க்க: 72 + 35 = 107.

பள்ளியில் இதையே எக்ஸ், ஒய் போட்டு 'ஒருங்கமை சமன்பாடுகள்' என்று சொல்லித்தருகிறார்கள். அங்கே பல பிள்ளைகள் இடறும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ் என்பது நார்த்தங்காய் அல்ல. ஒரு நார்த்தங்காயின் விலை. இந்த ஒரு வரியை முதலில் எழுதிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி.

பரீட்சை முடிந்த பிறகும் இது கைகொடுக்கும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு இடத்தில் கடன், மொத்தம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மற்றது மூன்று ரூபாய் வட்டி. மாதாமாதம் வட்டி மட்டும் 1,000 ரூபாய் போகிறது. எந்தக் கடன் எவ்வளவு?

மொத்தமும் ஒரு ரூபாய் வட்டிதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வட்டி 600 தான் வரும். 400 கூடுதலாகப் போகிறது. மூன்று ரூபாய் வட்டியில் இருக்கும் ஒவ்வொரு நூறும் 2 ரூபாய் கூடுதலாகக் கேட்கும். 400-ஐ 2-ஆல் வகுத்தால் 200 நூறுகள். ஆக மூன்று ரூபாய் வட்டிக் கடன் 20,000, ஒரு ரூபாய் வட்டிக் கடன் 40,000.

விடையை இன்னொரு தடவை பாருங்கள். சின்னக் கடன்தான் மாத வட்டியில் 600 ரூபாயைத் தின்கிறது. பெரிய கடனுக்குப் போவது 400 மட்டும். கையில் போனஸோ சீட்டுப் பணமோ வந்தால் எதை முதலில் அடைப்பது என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. விடை தெரியாத விஷயம் இரண்டு என்றால் தகவலும் இரண்டு வேண்டும். அதுவும் வெவ்வேறு தகவலாக இருக்க வேண்டும். 3 டீ, 2 வடை 65 ரூபாய். 6 டீ, 4 வடை 130 ரூபாய் என்று இரண்டு பில் இருந்தாலும் டீ விலை தெரியாது. முதல் பில்லை இரட்டித்தால் வருவதுதான் இரண்டாவது பில். அதில் புதிய சேதி எதுவும் இல்லை. இப்படி ஒரு கணக்கு வந்து விடை கிடைக்காமல் போனால், பிள்ளையைத் திட்டாதீர்கள். கணக்கிலேயே விடைக்கு வழி இல்லை.

இந்த வாரம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து போட ஒன்று: பள்ளி விழாவில் 10 ரூபாய், 20 ரூபாய் டிக்கெட்டுகள் மொத்தம் 100 விற்றன. வசூல் 1,400 ரூபாய். 20 ரூபாய் டிக்கெட் எத்தனை?

(விடை: 40. எல்லாமே 10 ரூபாய் டிக்கெட் என்று நினைத்து ஆரம்பியுங்கள்.)