பெயரைப் பாராதீர், இருக்கையைப் பாரீர்!

வட அமெரிக்க ஒன்றிய நாட்டின் மாநிலங்களுள் ஒன்றாகிய ஒகையோவில் ஆளுநர் இருக்கை ஒழியப் போகின்றது. எட்டாண்டுகள் அதில் அமர்ந்த மைக் தெவைன் என்பார் 2027 சனவரியில் இறங்கியாக வேண்டும். அவர்க்குப் பின் அமர்பவரை, வருகின்ற 2026 நவம்பர் 3ஆம் நாள் அம்மாநில மக்கள் தம் வாக்கால் தேர்ந்தெடுப்பர். அதே நாளில் மொத்தம் 36 மாநிலங்கள் தத்தம் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆயினும், அவற்றுள் ஒகையோவைப் பற்றி மட்டும் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் பேச்செழுந்துள்ளது. அதற்குக் கரணியம் ஒரு பெயர்.

சென்ற திங்கள், முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். நலம் உசாவி முடித்ததும், "ஐயா, தமிழர் ஒருவர் அமெரிக்காவில் ஆளுநராகப் போகின்றார், தாங்கள் அறிவீர்களா?" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "போட்டியிடுகின்றார் என அறிவேன் தம்பி. அவர் வென்றால் நமக்கு என்ன கிடைக்கும்?" என்றேன். சற்றே திகைத்து, "பெருமைதானே ஐயா!" என்றார். அப் பெருமையின் எடை எவ்வளவு என்று அளந்து பார்ப்பதற்கே இதனை எழுதலானேன்.

முதற்கண் அப் பெயருடையவரைப் பற்றிச் சில சொல்வேன். விவேக் இராமசாமி 1985இல் ஒகையோவின் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். பெற்றோர் கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியைச் சார்ந்த, தமிழ் பேசும் குடும்பத்தினர். மருந்தாக்கத் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டிய அவர், 2024ஆம் ஆண்டின் நாட்டுத் தலைவர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்று, அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே விலகினார். 2025 பிப்பிரவரியில் ஒகையோ ஆளுநர் போட்டியில் இறங்கினார். நாட்டுத் தலைவர் தொனால்டு திரம்பு அவரைப் பரிந்துரைத்தார். மக்களாட்சிக் கட்சியின் பக்கத்தே முன்னிற்பவர் ஏமி ஆக்டன் என்னும் பெண் மருத்துவர். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அம்மாநில நலத்துறையின் இயக்குநராக இருந்தவர் அவர். ஒகையோ மக்கள் இற்றைவரை ஒரு பெண்ணை ஆளுநராகத் தேர்ந்தெடுத்ததில்லை. 1998ஆம் ஆண்டின் இறுதிநாள் தொடங்கி 11 நாள்கள் மட்டும் நான்சி ஆலிசுட்டர் என்னும் அம்மையார் இடைக்காலத்தே அவ்விருக்கையில் இருந்தார்.

வருமான வரியை ஒழிப்பதா, வீட்டின் மீதும் நிலத்தின் மீதும் ஏறிவரும் வரியைக் குறைப்பதா, குறைத்தால் பள்ளிகளுக்குப் பொருள் எங்கிருந்து வரும் என்பனவே ஆங்குள்ள மக்களின் வினாக்கள். அவ்வரியைக் கட்டுபவர் அவர். அப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளை விடுப்பவரும் அவரே. இவருள் எவர் தக்கவர் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கே உண்டு. நமக்கு அதில் இடமில்லை.

அவ்வாறிருக்க, நாம் ஏன் மார்தட்டுகின்றோம்? 2024இல் கமலா ஆரிசு நாட்டுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, அவர்தம் தாய்வழிப் பாட்டனார் ஊராகிய துளசேந்திரபுரத்தில் பதாகை கட்டினோம், வழிபாடு நடத்தினோம். அவர் மக்களாட்சிக் கட்சியினர். இன்று அதற்கு நேர்மாறான குடியரசுக் கட்சியினர் ஒருவர்க்கும் அதே பதாகையைக் கட்ட அணியமாகின்றோம். கொள்கை கிழக்கு நோக்கினும் மேற்கு நோக்கினும் நமக்கு வேறுபாடில்லை. பெயர் மட்டும் போதும் போலும்!

பஞ்சாபியரைப் பாருங்கள். பஞ்சாபிலிருந்து குடியேறியவர் மகனாகிய பாபி சிண்டால் 2008 முதல் 2016 வரை உலூசியானா மாநிலத்தின் ஆளுநராக இருந்தார். பஞ்சாபியர் மகளாகிய நிக்கி ஏலி 2011 முதல் 2017 வரை தென் கரோலினாவின் ஆளுநராக இருந்தார். அதனால் பஞ்சாபின் ஆற்றுநீர்ச் சிக்கல் தீர்ந்ததா? சண்டிகர் நகரம் பஞ்சாபுக்கு வந்து சேர்ந்ததா? இல்லை. அவ்வாறே, ஒகையோவின் தலைநகராகிய கொலம்பசில் யார் கையெழுத்திடினும், இங்கே ஒரு தமிழ்வழிப் பள்ளி கூடுதலாகத் திறக்கப் போவதில்லை.

இன்னுமொன்று. அவ்வேட்பாளரின் பிறப்பையும் நிறத்தையும் சுட்டி அவரை இழித்துரைப்பார் அவர்தம் கட்சிச் சார்பினருள்ளேயே உளர். அது கொடிது. அதற்கு அவர் 2025 திசம்பரில் பொதுமேடையில் விடை கூறியபோது, குருதிவழி கொண்டு ஒருவரை மற்றவரினும் மிக்க அமெரிக்கர் என்பது பொருந்தாது. ஏற்றுக்கொண்ட கொள்கையே ஒருவரை அமெரிக்கராக்குகின்றது என்னும் கருத்துப்பட உரைத்தார். தம் பிறப்பைக் கொண்டு தம்மை எடைபோட வேண்டா என்று அவரே கேட்கும்போது, அதே பிறப்பைக் கொண்டு நாம் அவரைத் தோளில் தூக்குவது எவ்வகை அறிவுடைமை?

அங்ஙனமாயின் ஒகையோவில் நாம் காணத்தக்கது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. அது அமரப்போகும் ஆளன்று; அவர் அமரப்போகும் இருக்கை.

அவ்விருக்கை ஏன் ஒழிகின்றது? தெவைன் தோற்கவில்லை. 2018இலும் 2022இலும் வென்றவர் அவர். தொடர்ந்து இருமுறைக்கு மேல் ஒருவர் ஆளுநராக இருத்தல் கூடாது என்று 1954ஆம் ஆண்டில் ஒகையோ மக்கள் தம் அரசமைப்பில் எழுதி வைத்தனர். இடைவெளிவிட்டு மீண்டும் வரலாம். சேம்சு ரோட்சு என்பார் அவ்வாறு ஈரெட்டாண்டுகளாக மொத்தம் 16 ஆண்டுகள் ஆண்டார். ஆயினும் எட்டாண்டு முடிந்ததும் எழுந்து போயே தீரவேண்டும். எழுப்புவதும் மக்கள் எழுதிய சட்டம். அமர்த்துவதும் மக்கள் இடும் வாக்கு.

இது தானாக முளைத்ததன்று. ஒகையோவும் ஒரு காலத்தில் அமர்த்தப்பட்ட ஆளுநரின்கீழ்க் கிடந்து துன்புற்ற நிலமே. 1787ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது நடுவணரசின் வடமேற்கு ஆட்சிப்பகுதியாக இருந்தது. ஆர்தர் செயிண்ட் கிளேர் என்பாரை நடுவணரசு ஆங்கே ஆளுநராக அமர்த்திற்று. மன்றத்தைக் கூட்டவும் கலைக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. மன்றம் இயற்றும் எச்சட்டத்தையும் அவர் மறுத்துவிடலாம். அம்மறுப்பை மீற எவராலும் இயலாது. 1799இல் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் முதன்முதற் கூடிச் சட்டங்களை இயற்ற, அவற்றுட் பலவற்றை அவர் ஒதுக்கித் தள்ளினார். ஒகையோ தனி மாநிலமாவதையும் எதிர்த்து நின்றார். 1802 நவம்பரில் சில்லிகோத்தி நகரில் அரசமைப்பு எழுதக் கூடிய அவையிலேயே சென்று அவர் நடுவணரசின் சட்டத்தைப் பழிக்க, அற்றைத் தலைவர் தாமசு செஃபர்சன் அவரை நீக்கினார்.

அவ்வவை என்ன செய்தது என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். இனி ஆளுநரை மக்களே தேர்ந்தெடுப்பர் என்று எழுதியது. அதனோடு நில்லாது, அவ்வாறு தேர்ந்தெடுக்கப்படும் ஆளுநர்க்கும் சட்டங்களை மறுக்கும் உரிமை இல்லை என்று எழுதியது! சூடுபட்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது அல்லவா? அம் மறுப்புரிமை 1903இல்தான் ஒகையோ ஆளுநர்க்குக் கிட்டிற்று. அதுவும் கட்டுக்குட்பட்டே கிட்டிற்று. மன்றம் விடுக்கும் சட்டவரைவை, ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாகப் பத்து நாள்களுக்குள் அவர் ஒப்பவேண்டும். அன்றேல் கரணியம் எழுதித் திருப்பவேண்டும். இரண்டும் செய்யாது வாளாவிருந்தால் அது தானே சட்டமாகிவிடும். அவர் மறுத்தாலும், ஈரவையிலும் ஐந்தில் மூன்று பங்கினர் மீண்டும் ஒப்பினால் அது சட்டமே. 2023 திசம்பர் 29இல் தெவைன் மறுத்த ஒரு சட்டவரைவை, அவர்தம் கட்சியினரே மிகுந்திருந்த மன்றம் 2024 சனவரி 24க்குள் மீண்டும் ஒப்பிச் சட்டமாக்கிற்று. அச்சட்டம் நன்றா தீதா என்பது வேறு. நான்கு கிழமைக்குள் முடிவு தெரிந்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

ஒகையோவைக் குறையற்ற நாடென்று நான் கூறவில்லை. அந்த 1802ஆம் ஆண்டு அரசமைப்பு வெள்ளை ஆடவர்க்கு மட்டுமே வாக்குரிமை தந்தது. அம் மண்ணின் தொல்குடியினரை ஒவ்வொருவராகத் துரத்தினர். இறுதியாக 1843இல் வயாண்டோட்டு மக்கள் வெளியேற்றப்பட்டனர். 'ஒகையோ' என்பதே செனக்கா மக்களின் மொழியில் ஆற்றைக் குறிக்கும் சொல். பெயர் நின்றது, பெயரிட்டவர்க்கு அங்கு இடமில்லாமற் போயிற்று. பெயர் வாழ்ந்தாற் போதும் என்றிருப்பார்க்கு இதனினும் பெரிய எச்சரிக்கை வேண்டுமோ? அண்மைக் காலத்திலும் அங்குக் கறை உண்டு. மின்னாற்றல் நிறுவனத்திடம் 6 கோடி டாலர் கையூட்டுப் பெற்ற வழக்கில், அம்மாநிலப் பேராளர் அவையின் தலைவராயிருந்த லாரி அவுசோல்டர்க்கு 2023இல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தேர்தல் தூய்மைக்கு உறுதிமொழி ஆகாது. ஆனால், தவறியவரை அடுத்த முறை விலக்கும் பிடி மக்கள் கையில் இருக்கின்றது.

இனி நம் நிலைக்கு வருவோம். ஆள்பவர் ஆளுநர், சொல்லின் பொருள் அதுவே. ஒகையோவில் சொல்லும் பொருளும் ஒன்றியுள்ளன. அங்கே ஆளுநரே ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சர்க்கு நிகரானவர். இங்கோ, மக்கள் தேர்ந்த மன்றத்தின் துணையோடு ஆள்பவர் ஒருவர். ஆளுநர் என்னும் பெயர் தாங்கியவர் வேறொருவர். அவரைக் குடியரசுத் தலைவர் அமர்த்துகின்றார். குடியரசுத் தலைவர் விரும்பும் வரையில் அவர் இருப்பார். இந்திய அரசமைப்பின் 155, 156ஆம் பிரிவுகள் கூறுவன இவை. விரும்பும் வரை என்பதன் பொருள், நடுவணரசு விரும்பும் வரை என்பதே.

தொடக்கத்தில் இவ்வாறு கருதப்படவில்லை. 1947இல் அரசமைப்பு மன்றம், மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் ஒப்பிற்று. 1949 மே இறுதியில் அதனை மாற்றி, அமர்த்தும் முறையைக் கொண்டுவந்தனர். மக்கள் தேர்ந்த ஆளுநரும் மக்கள் தேர்ந்த முதலமைச்சரும் ஓர் உறையில் இருவாள் ஆவர் என்றனர். அது பொருளற்ற அச்சமன்று, நானும் ஒப்புகின்றேன். ஆனால் அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, மக்கள் தராத வாளொன்றை அதே உறையிற் செருகியதே!

விளைவை நாம் அறிவோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2020 முதல் 2023 வரை நிறைவேற்றிய பத்துச் சட்டவரைவுகள் ஆளுநர் மாளிகையில் தேங்கிக் கிடந்தன. 2025 ஏப்பிரல் 8இல் இந்திய உச்ச நயன்மன்றம் அவை ஒப்பப்பட்டனவாகவே கொள்ளத்தக்கன என்று தீர்த்து, ஆளுநர்க்குக் கால வரம்பும் விதித்தது. நாம் மகிழ்ந்தோம். அம் மகிழ்ச்சி எட்டுத் திங்களும் நிலைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 20இல், அம்மன்றத்தின் ஐவர் ஆயம், அரசமைப்பில் இல்லாத கால வரம்பை மன்றம் விதித்தல் இயலாது. ஒப்பியதாகக் கொள்ளுதலும் பொருந்தாது என்று கருத்துரைத்தது. ஆளுநர் கரணியமின்றி நெடுங்காலம் வாளாவிருந்தால் மன்றத்தை அணுகலாம் என்னும் சிறு வாயிலை மட்டும் திறந்து வைத்தது.

ஆகவே வழி ஒன்றே. எழுதாதது செல்லாதெனின், எழுதிவிட வேண்டும். சட்டவரைவு பற்றிய 200ஆம் பிரிவில், இயன்ற விரைவில் என்றுள்ள அந்நெகிழ்ந்த சொல்லை நீக்கி, இத்தனை நாள் என்று எண்ணிட்டு எழுத வேண்டும். அந்நாளுக்குள் ஒப்பாமலும் திருப்பாமலும் இருப்பின் அது சட்டமாகும் என்றும் எழுத வேண்டும். ஒரு கோடியே பதினெட்டு நூறாயிரம் மக்கள் வாழும் ஒகையோ, தானே தேர்ந்த ஆளுநரையே பத்து நாளுக்குள் கட்டி வைத்திருக்கின்றது. ஏழு கோடித் தமிழர் வாழும் தமிழ்நாடு, தான் தேராத ஆளுநரை எத்தனை ஆண்டும் காத்திருக்க வேண்டுமோ?

அன்பிற்குரிய தமிழ்நெஞ்சங்களே! நவம்பர் 3இல் கொலம்பசில் வெல்பவர் எவராயினும் அவருக்கு நம் வாழ்த்து உரியதாகுக. வென்றவர் பெயர் இராமசாமியாயினும் ஆக்டனாயினும், அவர் எட்டாண்டில் எழுந்து போவார். பத்து நாளில் விடை சொல்லுவார். பதாகைக்குச் செலவிடும் காசையும் நாளையும் மிச்சப்படுத்தி, நம் தொகுதி உறுப்பினரிடம் சென்று, "200ஆம் பிரிவில் எத்தனை நாள் என்று எழுதக் கேட்டீர்களா?" என்று வினவுங்கள். அன்று என்னைக் காண வந்த மாணவர் விடைபெறும்போது, "அடுத்த முறை தங்களைக் காண வருமுன் எங்கள் தொகுதி உறுப்பினரைக் கண்டு கேட்டு வருகின்றேன் ஐயா" என்று சொல்லிச் சென்றார். அவர் விடையோடு வருவார் என்று காத்திருக்கின்றேன்.